குதிரை நிற்பதில்லை

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
6.1.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் செல்வாம்பாள் அண்ணியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? நாகபுரியில் குளிர் கடுமை என்று பேப்பரில் படித்தேன். வருடத்துக்கு ஒரு பொங்கல் கடிதம் என்பது நமக்குள் பேசாமலே ஏற்பட்ட வழக்கம். இந்த முறை உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நான் எழுத வேண்டியதாகிவிட்டது.

பிரெஞ்சுக் காலத்துக் காகிதங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பதுதான் எனக்கு ஆபீசில் வேலை என்று உங்களுக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை ஒரு அம்மாள் என் மேஜைமேல் துப்பாக்கி லைசென்ஸ் ஒன்றை வைத்தாள். 1949-ஆம் வருடத்தது. பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் ஊரே சொல்தா என்று அழைத்த இராமதாஸ். வந்திருந்தது அவர் மகள் ஜெயம்.

"நீ கண்ணையன் பொண்ணு அமிர்தவல்லிதானே?" என்றாள். தலையாட்டினேன். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். பிறகு வந்த காரியத்தை மட்டும் சொன்னாள்.

ஜூன் மாதம் அவள் பிரான்சில் இருக்கும் மகனிடம் ஒரேயடியாகப் போகிறாள். அதற்குள் அப்பாவின் ரிவால்வரைப் போலீசில் ஒப்படைக்க வேண்டும். வழக்கு முடிந்து கோர்ட்டு திருப்பிக் கொடுத்தபோது துணியில் சுற்றி அரக்கு முத்திரை வைத்துக் கொடுத்தார்களாம். இன்றுவரை பிரிக்காமல் பீரோவில் கிடக்கிறது.

அண்ணா, சொல்தாவைச் சுட்டதாக ஐந்து வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்த அன்று நம் அப்பாவிடம் நீங்கள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னீர்கள். "நான் சுடல, அதுவா வெடிச்சுது." அதற்குப் பிறகு யாரிடமும் அதைச் சொன்னதில்லை. போலீசில் கொடுத்தால் உருக்கிவிடுவார்கள். அதற்கு முன் அது தானாக வெடிக்கக் கூடியதுதானா என்று ஒருமுறை பார்த்துவிடலாம் அல்லவா? நீங்கள் டைப்ரைட்டர் மெக்கானிக். சொல்தா வீட்டில் வேலைக்கு இருந்தபோது அந்த ரிவால்வரைத் தினமும் துடைத்தவர். எப்படிப் பார்ப்பது என்று எழுதினால் நான் பார்த்துச் சொல்கிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம்.

உங்கள் தங்கை,
அமிர்தவல்லி

*

நாகபுரி
2.2.1979

அன்புத் தங்கை அமிர்தத்துக்கு அண்ணன் வடிவேல் எழுதுவது.

நாங்கள் நலமே. பெரியவளுக்கு மட்டும் இருமல் நிற்கவில்லை. உன் ரத்தச் சோகை எப்படி இருக்கிறது?

கடிதம் கிடைத்தது. அந்தப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம். இத்தனை வருடம் கழித்து அது நல்லது என்று தெரிந்தால் எனக்கு என்ன, கெட்டது என்று தெரிந்தால் எனக்கு என்ன. என் முதலாளிக்கு நான் உள்ளே இருந்தவன் என்று தெரியாது. என் பெண்ணுக்கும் தெரியாது. துரு பிடிக்கிற இரும்பு துரு பிடிக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வடிவேல்

*

புதுச்சேரி
9.2.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். பெரியவளுக்குத் தூதுவளை கிடைத்தால் ரசம் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வேண்டாம் என்ற உங்கள் பதிலை ஜெயத்திடம் போய்ச் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒங்க அண்ணன் எங்கப்பாவச் சுட்டான்னு இத்தினி வருசமா நெனச்சிக்கினு இருக்கேன். இல்லன்னா எனக்கும் தெரியணும்ல? தெரியாமயே பிளேன் ஏறச் சொல்றியா?"

அவளுக்கு ஜூன் பதினைந்தாம் தேதி டிக்கெட். அதற்கு முன் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். வீடு பாதி காலி. பீரோவையும் யாரோ கேட்டிருக்கிறார்களாம்.

உங்களுக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காக எழுதுங்கள்.

அமிர்தவல்லி

*

நாகபுரி
20.2.1979

அன்புத் தங்கைக்கு,

இங்கு சுகம். இருமல் குறைந்திருக்கிறது.

ஜெயம் கேட்டதால் எழுதுகிறேன். அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அன்று ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். சொல்தா மெடல் குத்திக்கொண்டு ஊர்வலத்துக்குப் போகிற நாள். ரிவால்வருக்கு எண்ணெய் போட்டு வைக்கச் சொன்னார். குண்டையெல்லாம் எடுத்துவிட்டேன் என்றார். ஒன்று உள்ளேயே இருந்திருக்கிறது. முதல் நாள் அவர் என்னை அறைந்ததை நாலு பேர் பார்த்திருந்தார்கள். ஆனால் அன்று காலையில் அவரே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். அதை யாரும் பார்க்கவில்லை.

சைகோனில் வாங்கிய பழைய சாமான் அது. ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் குதிரையை, அதாவது பின்பக்கம் மேலே நீட்டிக்கொண்டு குண்டை அடிக்கிற சுத்தியலை, பின்னால் இழுத்து நிறுத்தினால்தான் சுடும். கீழே விரல் வைக்கிற விசையை மட்டும் அழுத்தினால் ஒன்றும் ஆகாது. குதிரைக்குப் பின்னால் எண்ணெய் விட, அதை இழுத்து நிறுத்தினேன். ரிவால்வரை மேஜைமேல் வைத்தேன். எண்ணெய் டப்பாவைப் பக்கத்தில் வைத்தேன். வெடித்தது. எதிரே அவர் மெடலைக் குத்திக்கொண்டிருந்தார்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் உருளையைச் சுற்றி ஆறு ஓட்டையும் காலி என்று இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். விசையில் விரல் வைக்கவே கூடாது. குதிரையை மெதுவாக இழு. பாதியில் ஒரு சத்தம், கடைசியில் ஒரு சத்தம், இரண்டு கேட்க வேண்டும். முழுக்க இழுத்து நிறுத்தியபின் மேஜைமேல் வை. பக்கத்தில் ஒரு டப்பாவை வை. சாதாரணமாக வைப்பது மாதிரியே வை, ஓங்க வேண்டாம். பத்துத் தடவை செய்து பார்.

வடிவேல்

*

புதுச்சேரி
4.3.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெயம் வீட்டுக்குப் போனேன். அரக்கை அவள்தான் உடைத்தாள். துணிக்குள் அது நான் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. அறை முழுக்கப் பழைய எண்ணெய் வாடை. ஜெயம் ஜன்னலைச் சாத்தினாள். "ரெண்டு பொம்பளைங்க துப்பாக்கி புடிச்சிக்கினு இருக்கறத எதிர்வூட்டு அஞ்சலாட்சி பாத்தா போதும், எனக்கு விசாவே கெடைக்காது" என்றாள். சிரித்துவிட்டோம். உடனே இருவருக்கும் சங்கடமாகிவிட்டது.

ஆறு ஓட்டையும் காலி. அவள் பார்த்தாள், பிறகு நான் பார்த்தேன்.

குதிரையை இழுத்தால் ஒரு சத்தம்தான் கேட்கிறது, கடைசியில். பாதியில் ஒன்றுமே இல்லை. மூன்று முறை இழுத்துப் பார்த்தேன்.

பிறகு மேஜைமேல் வைத்து, பக்கத்தில் தேங்காயெண்ணெய் டப்பாவை வைத்தேன். முதல் தடவை அப்படியே நின்றது. இரண்டாவது தடவையும் நின்றது. ஜெயம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும், அண்ணா. நம் தெருவில் பல வருடம் பார்த்ததுதான். மூன்றாவது தடவை டப்பாவை வைத்ததும் குதிரை டக்கென்று விழுந்தது. பத்தில் ஆறு தடவை விழுந்தது. விசைப் பக்கம் யார் கையும் இல்லை.

ஜெயம் நாற்காலியில் உட்கார்ந்தாள். "இது பத்தாது. இன்னும் பாக்கணும்" என்றாள்.

அமிர்தவல்லி

*

நாகபுரி
13.3.1979

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் சுகம். உன் கடிதம் வந்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஜெயம் சொல்வது சரி. எண்ணெய் இருபத்தைந்து வருடத்தில் காய்ந்து பிசினாகியிருக்கும். பிசின் அடைத்துக்கொண்டாலும் குதிரை முழுக்கப் பிடிக்காமல் நழுவும். அப்படியானால் அது இப்போது வந்த பழுது, அன்றைக்கு இருந்ததல்ல. அதனால் மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப் போட்டுத் துடைத்துவிட்டு மறுபடி பத்துத் தடவை பாருங்கள். அப்போதும் விழுந்தால் திறந்து பார்க்க வேண்டும். இடது பக்கத் தகட்டில் ஒரே ஒரு திருகாணி. தகட்டை எடுத்தால் குதிரையின் அடிப்பாகம் தெரியும். அதில் இரண்டு வெட்டு இருக்கும். பாதி வெட்டு, முழு வெட்டு. விசையின் மேல்நுனி அந்த வெட்டில் கொக்கி மாதிரி விழுந்து குதிரையைப் பிடித்துக்கொள்ளும். முழு வெட்டு நழுவினாலும் பாதி வெட்டு தாங்க வேண்டும். அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறான்.

என் தொழிலிலும் இதே கதைதான். டைப்ரைட்டரில் வண்டியை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தி விடுகிற பாகத்துக்கு டாக் என்று பெயர். நாய். அது தேய்ந்தால் வண்டி தானாக ஓடும், எழுத்துக்கு நடுவில் இடம் விழும். ஆபீசில் எல்லாரும் டைப் அடிக்கிற பெண்ணைத்தான் திட்டுவார்கள், விரல் சரியில்லை என்று. ஒருத்தனும் மூடியைத் திறந்து பார்க்க மாட்டான். நம் ஊரில் குதிரை, இங்கிலீஷ்காரனுக்கு நாய். எல்லாரும் இரும்புக்கு மிருகத்தின் பெயரைத்தான் வைக்கிறார்கள்.

வடிவேல்

*

புதுச்சேரி
26.3.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமே. அங்கும் சுகம்தானே?

மண்ணெண்ணெயில் ஊறவைத்தோம். கறுப்புக் கறுப்பாகக் கழன்று வந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால் பத்தில் எட்டு தடவை விழுகிறது. பிசின்தான் இதுவரை கொஞ்சமாவது பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது போல.

தகட்டைத் திறந்தோம். ஜெயத்தின் மூக்குக்கண்ணாடியைப் பூதக்கண்ணாடி மாதிரி தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பாதி வெட்டின் உதடு உடைந்துபோயிருக்கிறது. முழு வெட்டு இருக்கிறது, ஆனால் ஆழமே இல்லை. அதன் ஓரத்தில் குறுக்காக மெல்லிய கோடுகள், வரிசையாக. தேய்மானம் அப்படி வரிசையாக இருக்குமா என்று எனக்குப் புரியவில்லை. ஜெயத்திடம் கொடுத்தேன்.

அவள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இது அரம் போட்டது. எங்கப்பா போட்டது."

விசை லேசாக இருந்தால்தான் குறி தப்பாது என்று சொல்தா வீட்டில் உட்கார்ந்து சின்ன அரத்தால் எதையோ ராவிக்கொண்டிருப்பாராம். இவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கூப்பிட்டு, "பாரு, மூச்சு பட்டா போதும்" என்று பெருமையாகக் காட்டினாராம்.

ஜெயம் எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. காப்பியோடு வந்தபோது முகம் கழுவியிருந்தாள். "வடிவேலுக்கு எழுது. எங்கப்பா கையாலயே நடந்துதுன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

அமிர்தவல்லி

*

நாகபுரி
5.4.1979

அன்புத் தங்கைக்கு,

இங்கு சுகம். கடிதத்தைச் செல்வாம்பாளிடம் படித்துக் காட்டினேன். பெரியவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். கேட்டுவிட்டுப் பெரியவள் எனக்குத் தட்டில் சோறு போட்டாள்.

ஜெயத்திடம் சொல். அவள் அப்பா கெட்டவர் இல்லை. விசை லேசாக இருக்க வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான்.

இதைக் கோர்ட்டில் கொண்டுபோய்க் காட்ட முடியாது. அந்தக் கோர்ட்டும் இல்லை, அந்த அரசாங்கமும் இல்லை. வேண்டியதும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. குதிரையை இழுத்தேன், வைத்தேன், வெடித்தது என்று நான் அன்றைக்கே போலீசில் சொன்னேன். நீயும் அங்கேதான் இருந்தாய். அப்படிச் சொன்ன பிறகும் ஏன் ஒருத்தன்கூட அதைத் திறந்து பார்க்கவில்லை?

வடிவேல்

*

நாகபுரி
2.5.1979

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உடம்பு சரியில்லையா? மாத்திரையை நிறுத்திவிட்டாயா? தனியாக இருப்பவள் நீ. ஒரு கார்டாவது போடு. கேட்டதற்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

வடிவேல்

*

புதுச்சேரி
9.5.1979

அண்ணா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் இரண்டு கடிதங்களும் என் மேஜை டிராயரில் இருக்கின்றன. தினமும் ஆபீசில் மற்றவர்களுடைய காகிதங்களை மொழிபெயர்த்துவிட்டு, உங்களுக்கு எழுதலாம் என்று எடுப்பேன். களைப்பாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வைத்துவிடுவேன். களைப்பு உண்மைதான். இருபத்தைந்து வருடக் களைப்பு.

அன்று பதினாலு ஜூலை ஆனதால் போலீசில் மொழிபெயர்க்கிறவர் லீவில் போயிருந்தார். கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிக்கிற பெண், அவளே சொல்லட்டும் என்று என்னை நிறுத்தினார்கள். எனக்குப் பதினேழு வயது. நீங்கள் "குதிரைய இழுத்தேன்" என்றீர்கள். எனக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும்? வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொன்னேன். ஷ்வால், குதிரை. குதிரையை இழுத்தார் என்றேன்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "எந்தக் குதிரை, மத்மொசேல்? வீட்டுக்குள் குதிரை கட்டியிருந்தார்களா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஆலைத் தொழிலாளி மகளுக்கு இவ்வளவுதான் பிரெஞ்சு வரும் என்கிற சிரிப்பு. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. துப்பாக்கி விஷயத்தில் எனக்குத் தெரிந்த பிரெஞ்சு வார்த்தை ஒன்றே ஒன்றுதான், ஏதோ கதைப் புத்தகத்தில் படித்தது. காஷெத். அதைச் சொன்னேன். உடனே சிரிப்பு நின்றது. எழுதிக்கொண்டார். எனக்கு அந்த நிமிடம் நிம்மதியாக இருந்தது, அண்ணா. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

காஷெத் என்றால் விசை. வடிவேல் விசையை இழுத்தேன் என்று ஒப்புக்கொண்டதாக எழுதினார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். விசையை இழுத்தவனின் துப்பாக்கியை யார் திறந்து பார்ப்பார்கள்?

மூன்று வருடம் கழித்து, காலேஜ் லைப்ரரியில் அகராதியைப் புரட்டியபோதுதான் நான் செய்தது எனக்குத் தெரிந்தது. துப்பாக்கிக் குதிரைக்குப் பிரெஞ்சில் ஷியேன் என்று பெயர். நாய். உங்கள் டைப்ரைட்டரில் இருக்கிற அதே நாய். அப்போது நீங்கள் இன்னும் உள்ளேதான் இருந்தீர்கள். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் சொல்வதற்கு இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

பார்த்துவிடலாம் என்று நான் கேட்டது ஜெயத்துக்காக அல்ல. ரிவால்வர் நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்றுகூட ஒரு மூலையில் நினைத்தேன். அப்படி இருந்தால் என் வார்த்தையால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று ஆகிவிடும். எப்படிப்பட்டவள் நான் என்று பாருங்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

அமிர்தவல்லி

*

நாகபுரி
29.5.1979

அமிர்தம்,

எல்லாரும் சுகம். இருமல் சுத்தமாக நின்றுவிட்டது. உன் ரசம்தான்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு இரண்டு வாரமாகத் திரிகிறேன். உனக்கு என்ன எழுதுவது என்று யோசிக்கவில்லை. இதை எழுதலாமா என்றுதான் யோசித்தேன்.

எனக்குத் தெரியும். உள்ளே போன ஆறாவது மாதமே தெரியும். என் அறையில் காரைக்கால்காரர் ஒருவர் இருந்தார், பிரெஞ்சு படித்தவர். தீர்ப்பு நகலைப் படித்துச் சொன்னார். "வெசைய இழுத்தேன்னு நீயேதான்பா சொல்லியிருக்கே" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அப்ப சொன்னது யாரு என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நீயும் அப்பாவும் பார்க்க வந்தபோதெல்லாம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார்கள் அல்லவா? காய்ச்சல் இல்லை. உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்த உடனே நாகபுரிக்கு ஓடியதும் அதனால்தான். பிறகு எனக்கே பெண் பிறந்தாள். அவளுக்குப் பதினேழு வயதானபோது ஒரு நாள் அவளை உட்கார்ந்து பார்த்தேன். ரேஷன் கடையில் நாலு பேர் சிரித்தால் வாங்க வந்ததை மறந்துவிட்டு வருகிற வயது. அதோடு எனக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் அதை உனக்கு எப்படி எழுதுவது? எழுதினால் எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரிந்துவிடுமே.

ஏன் திறந்து பார்க்கவில்லை என்று நான் கேட்டது, எனக்குத் தெரியாததால் அல்ல. நீயே சொல்லட்டும் என்றுதான்.

இன்னொன்று. அந்த ஜூலைக்கு முன்னால் நீ என்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவாய். வெளியே வந்த அன்று வாசலில் நின்று "வாங்கண்ணா" என்றாய். அது எனக்கு ஜெயிலைவிடக் கஷ்டமாக இருந்தது. இனிமேல் பழைய மாதிரியே எழுது.

வடிவேல்

*

புதுச்சேரி
10.6.1979

அண்ணா,

நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? இந்த ஒரு வாக்கியத்தை எழுத நாலு காகிதம் வீணாக்கினேன்.

நேற்று ஜெயத்தோடு போய் ரிவால்வரை ஒப்படைத்துவிட்டு வந்தேன். ரசீது எழுதியவர் ஏட்டு, நல்ல தமாஷ்காரர். நிலை என்று ஒரு கட்டம் இருந்தது. கேட்காமலேயே "நல்ல நிலை" என்று எழுதப் போனார்.

"நல்ல நிலை இல்லை. பழுது என்று எழுதுங்கள்" என்றேன்.

"எது பழுது?"

"குதிரை. குதிரை நிற்பதில்லை."

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "குதிரையா? எந்த லாயத்துலம்மா கட்டியிருந்தீங்க?" என்றார். பின்னால் பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அதே சிரிப்புதான், அண்ணா. காது அதேபோலச் சூடானது. நாற்பத்து இரண்டு வயதிலும் சூடாகிறது.

நான் வார்த்தையை மாற்றவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, "குதிரை நிற்பதில்லை. அப்படியே எழுதுங்கள்" என்றேன்.

"உருக்கப் போற இரும்புக்கு என்னா சீக்கா இருந்தா என்னம்மா? எழுதறதுக்கு எடமே இல்ல."

அப்போது ஜெயம் பேசினாள். "எழுதுய்யா. எங்கப்பாவக் கொன்ன துப்பாக்கி அது. அதுக்கு என்னா சீக்குன்னு எழுது. எடம் இல்லன்னா பின்னால எழுது."

சிரிப்பு நின்றது. எழுதினார். வெளியே வந்ததும் ஜெயம் என் கையைப் பிடித்துக்கொண்டே ரிக்‌ஷா வரை நடந்தாள். வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள். உனக்கு அவள் அப்பாவின் அந்தச் சின்ன அரத்தைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். வேண்டுமா, எறிந்துவிடவா என்று எழுது. இல்லை, நீயே வந்து சொல். வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது.

ரசீதின் கார்பன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அசல் ஜெயத்திடம். நகலில் தேதி, பெயர், நம்பர் எல்லாம் மங்கலாகத்தான் விழுந்திருக்கின்றன. நம் இரண்டு வார்த்தை மட்டும் நன்றாகத் தெரியும். கோபத்தில் அழுத்தி எழுதிவிட்டார்.

உன்
அமிர்தம்